செருப்பை ஓரமா விடுங்க

சாயங்காலம் ஆறரை மணி. குடோன் சாலை.

இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே சுவர். சுவருக்கு உள்ளே பூட்டிக் கிடக்கிற குடோன்கள். கடை கிடையாது, வீடு கிடையாது. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. தார் போடுவதற்கென்று எப்போதோ கொட்டிய கருங்கல் ஜல்லி, தார் வராமலே சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தது. காலை எங்கே வைத்தாலும் கல். நறுக்... நறுக்... நடக்கிறவருடைய காலடியைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அந்தச் சாலையில் ஒருவர் தனியாகப் போகிறார். கையில் தோல் பை. பைக்குள் ஒரு கோர்ட் உத்தரவு.

யாரோ எவரோ இல்லை. போன வருஷம் வரைக்கும் நாம் இப்போது படுத்திருக்கிற இதே ரூமில், அதோ அந்த ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாரே டிரைவர், அவருடைய சொந்தச் சித்தப்பா. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, இதே மாதிரி கரண்ட் போன நேரத்தில் டிரைவர் சொன்ன கதை இது. சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்க வேண்டாம். கதவோரக் கட்டில் வெல்டர் அண்ணன் மட்டும் சிரித்துக்கொள்ளட்டும், அவருக்குப் பயம் வந்தால் சிரிப்புத்தான் வரும்.

சித்தப்பா வக்கீல். பெரிய வக்கீல் இல்லை. கறுப்புக் கோட்டு வெயிலில் காய்ந்து பழுப்பாகிப் போன வக்கீல். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து இரக்கப்பட்டு ஜட்ஜ் ஐயா ஒரு வேலை கொடுப்பார். கமிஷனர் வேலை. உடனே போலீஸ் கமிஷனர் என்று நினைத்து எழுந்து நிற்காதீர்கள். ஒரு வீட்டைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது, கோர்ட் தன் கண்ணுக்குப் பதிலாக ஒரு வக்கீலை அனுப்பும். போய்ப் பார். பார்த்ததை எழுதிக் கொண்டு வா. அதற்குத்தான் அந்தப் பெரிய பேர்.

அதில் சித்தப்பாவுக்கு ஒரு பிடிவாதம். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுவார். காதில் விழுந்ததை எழுத மாட்டார். மனசில் பட்டதை எழுதவே மாட்டார். அங்கே இருக்கிற ஆளின் பேரைக்கூடக் கேட்க மாட்டார். "விசாரிக்கிறது ஜட்ஜ் வேலை. நான் வெறும் கண்ணுப்பா. கண்ணுக்கு எதுக்கு வாய்?" என்பார்.

அன்றைக்கு அவர் போனது ஒரு வாடகை வீட்டுத் தகராறுக்கு.

வீட்டில் குடியிருந்தவர் ஒரு பேக்கரி மாஸ்டர். கிழக்கு வெளுத்ததும் போய் அடுப்புக்கு முன்னால் நின்றால், வீடு திரும்ப இருட்டிவிடும். இருட்டினால் அவருக்குக் கண் தெரியாது. மாலைக்கண். அவர் சம்சாரம் சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பிள்ளை இல்லை. அந்த அம்மா அதே வீட்டில் காய்ச்சலில் படுத்து, அதே வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. மாஸ்டர் ஒண்டிக்கட்டை.

ஓனர், பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசுக்கும் சேர்த்துக் கட்டினது அந்த ஒரே வீடுதான். அதை மாஸ்டருக்கு விட்டுவிட்டு, தம்பி வீட்டில் ஓர் ஒற்றை அறையில் மனைவியோடு இருந்தார். இரண்டு பேருக்கும் அந்த அறை போதுமானதாகத்தான் இருந்தது. அப்புறம் மகள் புருஷனோடு ஒத்துப்போகாமல், பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மாஸ்டர், வீட்டைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுங்க. என் நிலைமை உங்களுக்குத் தெரியும்."

"முடியாதுங்க."

"ஏன்?"

மாஸ்டர் ஏன் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, முடியாதுங்க, முடியாதுங்க என்றுதான் சொன்னார். அன்று வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த இரண்டு பேரும், அதற்கப்புறம் கோர்ட் வராந்தாவில் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேஸ் ஜவ்வாக இழுத்தது. மாஸ்டரின் வக்கீலுக்கு வாய்தா என்றே பட்டப்பேர். தன் கல்யாணத்துக்கே அடுத்த தேதி கேட்டவர் என்று வராந்தாவில் கேலி பேசுவார்கள். ஓனர் பக்கத்து வக்கீலுக்கு அலுத்துப்போய்விட்டது. கடைசியில் அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்... மாஸ்டர் வேலைக்குப் போன பிறகு உள்ளே ஆள் அரவம் கேட்கிறதாம். தகரத் தட்டில் பித்தான் விழுகிற சத்தம். டிக்... கொஞ்சம் பொறுத்து... டிக்.

உள்வாடகை! அதுதான் பிடி. குடியிருக்கிறவர், ஓனருக்குத் தெரியாமல் இன்னொருவரை உள்ளே குடி வைத்தால் முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"நான் ஒருத்தன்தாங்க இருக்கேன்" என்றார் மாஸ்டர். சத்தம் எலி என்றார்.

எலியா, ஆளா என்று பார்க்கத்தான் சித்தப்பா போனார்.

இரண்டு தரப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கமிஷனர் வீட்டைப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. மத்தியானமே வருவதாகச் சொல்லியிருந்தார். வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டு தாமதமாகிவிட்டது. ஓனர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். மாஸ்டரும் கதவைப் பூட்டிக்கொண்டு பேக்கரிக்கு ஓடிவிட்டார், பொங்கின மாவு யாருக்காகவும் காத்திருக்காது. சித்தப்பா திரும்பிப் போயிருக்கலாம். இன்னொரு நாள் வந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு கல்லையும் மிதித்துக்கொண்டு வந்தாயிற்று. எட்டிப் பார்த்துவிட்டுப் போவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது.

குடோன் சாலை முடிகிற இடத்தில் நாலைந்து வீடுகள், முதலாவது அந்த வீடு. பூட்டிவிட்டுப் போன கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம்.

"யாரு வீட்ல?"

உள்ளே சத்தம் கேட்டது. டிக்... டிக்...

ஷூவை வாசலுக்கு நடுவில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

முதல் அறையில் ஒரு பெஞ்சும் ஒரு கொடிக்கயிறும். இரண்டாவது அறையில் ஜன்னலோரம், தரையில், ஓர் அம்மாள். நாற்பது வயசிருக்கும். மடியில் வெள்ளைச் சட்டை. பக்கத்தில் தகரத் தட்டு. ஊசியைக் குத்தி, நூலை இழுத்து, பல்லால் கடித்து அறுக்கிறார். ஜன்னல் திரையில் வரிசையாக நூல் கோத்த ஊசிகள். ஈரத்துணி மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒரு வாசனை வரும், தெரியுமா? அறை முழுக்க அந்த வாசனை.

"கோர்ட்லேருந்து வர்றேம்மா. வீட்ட மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

"பாருங்க" என்றார் அந்த அம்மாள். தலை நிமிரவில்லை.

சித்தப்பா சமையலறையைப் பார்த்தார், பின்கட்டைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். பேர் கேட்கவில்லை. நீங்கள் யார் என்றும் கேட்கவில்லை. அவர்தான் வெறும் கண் ஆயிற்றே. கிளம்பும்போது அந்த அம்மாள்தான் பேசினார். அப்போதும் தலை நிமிரவில்லை.

"செருப்ப ஓரமா விடுங்க. அவரு இருட்டுல தடுக்கி விழுவாரு."

சித்தப்பா வெளியே வந்தார். ஷூ வாசல் நடுவில் இல்லை. சுவரோரமாக இருந்தது. ஜோடியாக, சுவரை ஒட்டி.

அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை... இது அவருக்குப் பாதிச் சாலை வந்த பிறகுதான் உறைத்தது. யாராவது பிள்ளைகள் நகர்த்தியிருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு நடந்தார். அங்கே பிள்ளைகளே கிடையாது.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தார். வீட்டில் சுமார் நாற்பது வயதுள்ள ஒரு பெண் இருக்கிறார், தையல் வேலை செய்கிறார். அவர் சொன்னதை எழுதவில்லை. அது காதால் கேட்டதல்லவா?

கோர்ட்டில் அன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம், மாஸ்டர் கேஸுக்காக இல்லை, வேறு ஏதோ பெரிய கேஸுக்காக. மாஸ்டர் மூலையில் நின்றார். சட்டையில் மாவு. வாய்தா வக்கீல் முதல் தடவையாக வாய்தா கேட்காமல் எழுந்தார். கையில் மாஸ்டர் சம்சாரத்தின் இறப்புச் சான்று. பக்கத்து வீட்டார் கேட்டது எலி, கமிஷனர் பார்த்தது பிரமை, இந்த வீட்டில் இருந்த ஒரே பெண் இறந்துபோய்விட்டார் என்று வாதம் பண்ணினார். பிறகு சித்தப்பாவைக் கூண்டில் ஏற்றினார்.

"அந்தம்மா பேர் என்ன?"

"கேக்கலை."

"பேர் கேக்கலை. யாருன்னு கேக்கலை. சரி, ஏதாவது பேசவாவது பேசினாங்களா, இல்ல உங்க கமிஷனர் வேலைல அதுவும் கிடையாதா?"

கூட்டம் சிரித்தது. சித்தப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. சொன்னார். செருப்ப ஓரமா விடுங்க, அவரு இருட்டுல தடுக்கி விழுவாரு.

மூலையில் ஏதோ விழுந்த சத்தம். மாஸ்டர் கையிலிருந்த சாப்பாட்டு டப்பா. அது உருண்டு போய் ஓனரின் காலடியில் நின்றது. ஓனர் குனிந்து எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து மாஸ்டர் முகத்தைப் பார்த்தார், பார்த்தவர் டப்பாவைக் கொடுக்க மறந்து நின்றார்.

அடுத்தது மாஸ்டரைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வாய்தா வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் உங்களைத் தவிர யாராவது இருக்கிறார்களா? இல்லை. அந்த 'இல்லை'யில்தான் வீடு இருந்தது.

"சொல்லுங்க மாஸ்டர். உங்களத் தவிர வேற யாராவது அந்த வீட்ல இருக்காங்களா?"

மாஸ்டர் சட்டையிலிருந்த மாவைத் தட்டினார்.

"மாஸ்டர்..."

"பயப்படாம உண்மையச் சொல்லுங்க" என்றார் ஜட்ஜ் ஐயா.

"இருக்காய்யா."

"யாரு?"

"என் சம்சாரம்."

ஜட்ஜ் ஐயா சான்றைப் புரட்டிப் பார்த்தார். "இதுல இறந்துட்டாங்கன்னு போட்டிருக்கே. அவங்களா? இல்ல அவங்களுக்கு அப்புறம் நீங்க..."

"அவதான்யா. வேற யாரும் கிடையாது. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலைய்யா. அவ அங்க உக்காந்து ஊசியப் பிடிச்சுட்டிருக்கா. நான் இங்க வந்து அவ இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் ஐயா பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். ஒரு மனுஷனுடைய துக்கத்தை எழுதுவதற்கு அந்தக் காகிதத்தில் இடம் கிடையாது. வேறு ஆள் இருப்பதாகக் குடியிருப்பவரே ஒப்புக்கொண்டார். அதைத்தான் எழுத முடியும். எழுதினார். காலி பண்ண வேண்டும் என்று தீர்ப்பு.

வராந்தாவில் மாஸ்டர் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து சித்தப்பா ஓரடி பின்வாங்கினார். சண்டை இல்லை.

"எப்படி இருந்தா சார்?"

சித்தப்பா தோல் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"இளைச்சிருந்தாளா? படுக்கையில விழுந்தப்ப ரொம்ப இளைச்சுட்டா. எனக்கு அந்த முகந்தான் ஞாபகம் இருக்கு. அதான் கேக்கறேன்."

"இல்ல... நல்லாத்தான் இருந்தாங்க."

"எனக்குச் சத்தம் மட்டுந்தான் சார். வெளியிலேருந்து கேக்கும். சாவியப் போட்டுத் திருப்புனதும் நின்னுடும். இத்தனை வருஷத்துல ஒரு தடவ கூடக் கண்ணுல காட்டலை. அவளுக்கு ஊசியில நூல் கோக்க வராது, கண்ணு பத்தாது. வெடியக்காலை நான் லைட்டுக்கு அடியில நின்னு கோத்து, திரையில குத்தி வெச்சுட்டுப் போவேன். அவ போன பிறகும் வெச்சுட்டுத்தான் போறேன். ராத்திரி வந்து தடவிப் பாத்தா ஒரு ஊசியிலயும் நூல் இருக்காது." மாஸ்டர் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார், மாவு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "நீங்க ஒரு நாள் போனீங்க. பாத்துட்டீங்க. குடுத்து வெச்சவங்க சார்."

காலி பண்ணுகிற நாளில் கோர்ட் அமீனா வந்தார், அதாவது தீர்ப்பை நிறைவேற்றிக் கொடுக்கிறவர். பூட்டுக்காரர் வந்தார். ஓனர் வந்து தள்ளி நின்றார். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். மாஸ்டர் தட்டு முட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றினார். எல்லாம் ஏற்றின பிறகும் வாசற்படியிலேயே நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். வேடிக்கை பார்த்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் வாயைத் திறந்தார்.

"ஏதாவது மறந்துட்டீங்களா? நேரமாச்சு" என்றார் அமீனா.

அத்தனை பேருக்கு முன்னால், செத்துப்போன பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவது? கூச்ச சுபாவம் உள்ள மனுஷன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். பூட்டு விழுந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கேஸில் எல்லாருக்கும் நோட்டீஸ் போயிற்று. மாஸ்டருக்குப் போயிற்று, ஓனருக்குப் போயிற்று. அந்த அம்மாளிடம் மட்டும் வீடு கைமாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

மழைக்காலம் ஆரம்பித்தபோது ஓனர் சித்தப்பாவைத் தேடிக்கொண்டு வந்தார். முகத்தில் தூக்கமே இல்லை.

"சார், கேஸ்ல நான் ஜெயிச்சேன். வீட்ட ஜெயிக்க முடியலை."

"என்ன ஆச்சு?"

"குழந்தை ஸ்கூல்லேருந்து வந்து ஷூவ வாசல்ல உதறிட்டு உள்ள ஓடும். திரும்பி வந்து பாத்தா ஓரமா, சுவத்தோட ஒட்டி இருக்கு. என் செருப்பும் அப்படித்தான். என் மக செருப்பும் அப்படித்தான். பொழுது சாயற நேரத்துல வாசல் நடுவுல ஒரு துரும்பு கிடக்க விடறதில்ல." அவர் குரல் இறங்கியது. "முதல்ல பயந்தோம் சார், பொய் சொல்லலை. இப்ப பயம் இல்ல. தாங்க முடியலை. அந்தம்மா இன்னும் மாஸ்டர் வருவாருன்னு வழிய ஒதுக்கி வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. என் மக தெனமும் அழுவுறா. அவரக் கொஞ்சம் வந்து கூப்பிட்டுக்கிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு அவரு முகத்துல முழிக்கிற தைரியம் இல்ல."

மாஸ்டர் அடுப்படியிலிருந்து அப்படியே வந்தார். கையிலும் கழுத்திலும் ரொட்டி வாசனை. சித்தப்பா துணைக்குப் போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஓனர் வீட்டில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். ஓனரும் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள வாங்க மாஸ்டர்."

"இல்லைங்க. இங்கேர்ந்தே கூப்பிடறேன்."

உள்ளே கேட்டது. டிக்... டிக்...

மாஸ்டர் படியில் கை வைத்துக்கொண்டார். இந்தத் தடவை கூச்சப்படவில்லை.

"ஏம்மா... எழுந்து வா. இது இப்ப நம்ம வீடு இல்ல. நான் வேற எடத்துக்குப் போயிட்டேன். சொல்லாமப் போயிட்டேன், தப்புதான். வா, போலாம்."

டிக்...

அப்புறம் இல்லை. காத்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் வரவில்லை. ஜன்னல் திரை ஒரு தடவை அசைந்தது, அல்லது அசைந்த மாதிரி இருந்தது. சித்தப்பாவின் முகத்தை ஒட்டி, ஈரத்துணியில் இஸ்திரி வைத்த வாசனை மெல்லக் கடந்து போயிற்று.

ஓனரின் மகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

குடோன் சாலையில் இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். இருட்டிவிட்டது. மாஸ்டருக்குக் கண் தெரியவில்லை. ஆனாலும் சித்தப்பா நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை. வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, யாருக்கோ இடம் விட்டது போல நடந்தார். பின்னால் திரும்பவில்லை. ஜல்லியில் கால் இடறியது. இன்னொரு தடவை இடறி முழங்கால் தரையில் பட்டது.

எதிரே ஒரு ஆட்டோ வெளிச்சம். சித்தப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வேண்டாம் சார். நடந்தே போறேன்."

"அட, முழங்கால்ல ரத்தம் வருது. விழுந்து கிழுந்து வெச்சா யாரு பாக்கறது? ஏறுங்க."

சித்தப்பா நல்லதுக்குத்தான் சொன்னார். படித்தவர் சொன்னால் மாஸ்டர் தட்ட மாட்டார். தயங்கித் தயங்கி ஏறினார். ஏறி, சீட்டின் அந்தக் கோடியில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். இந்தப் பக்கம் தாராளமாக இடம் விட்டிருந்தார். இருட்டைப் பார்த்து ஏதோ சொல்லவும் வாயெடுத்தார்.

"சட்டுனு ஏறுங்க சார், கல்லுல டயர் போயிடும்" என்று ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார்.

சித்தப்பா அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

மாஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கண் தெரியாத பார்வை. ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஓனர் வீட்டில் அதற்கப்புறம் சத்தம் இல்லை. செருப்பு விட்ட இடத்தில் கிடந்தது. குழந்தை தூங்கியது.

கொஞ்ச நாள் கழித்து சித்தப்பா மாஸ்டரைப் பார்க்கப் போனார். ஊரின் இன்னொரு கோடியில், மூன்று மாடிக்கு மேல், மொட்டை மாடியில் ஓர் அறை. ஜன்னல் திரையில் வரிசையாக ஊசிகள். எல்லாவற்றிலும் நூல் இருந்தது.

"வந்துட்டாங்களா?" என்று சித்தப்பா கேட்கவில்லை. மாஸ்டரும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். புது இடம், பழகறதுக்கு நாளாகும் சார் என்றார். தனக்குச் சொல்லிக்கொண்டாரா, வேறு யாருக்காவது சொன்னாரா, தெரியாது. காது மட்டும் வாசல் பக்கமே இருந்தது.

கிளம்பும்போது சித்தப்பா வாசலைப் பார்த்தார். வேண்டுமென்றேதான் ஷூவை நடுவில் விட்டு வந்திருந்தார். அது நடுவிலேயே கிடந்தது. இம்மி நகரவில்லை.

உள்ளே மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சித்தப்பா குனிந்தார். சத்தம் கேட்கிற மாதிரி, தரையில் உரசி, ஷூவைச் சுவரோரம் தள்ளினார்.

"மாஸ்டர், நான் ஷூவ நடுவுலதான் விட்டேன். இப்ப ஓரமா இருக்கு."

உள்ளே அந்தப் பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுகிற சத்தம். நடக்காததை நடந்த மாதிரி சித்தப்பா சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மாஸ்டர் வெகுநாள் இருக்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள், ஒரு நாள் வேலைக்கு வராததைப் பார்த்து பேக்கரியிலிருந்து ஆட்கள் போனார்கள். தூக்கத்திலேயே போயிருந்தார். அறையில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். திரையில் ஊசி, ஊசியில் நூல்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நமக்குச் சொன்ன ராத்திரி டிரைவர் தூங்கியிருப்பார்.

அடுத்த வருஷம் வேறொரு கேஸுக்காக சித்தப்பா குடோன் சாலை வழியாக வர வேண்டியதாயிற்று. அதே நேரம். விளக்கில்லாத அதே கம்பங்கள். ஓனரின் வீட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கி நடக்கிறார். ஏதோ குறைகிறது... என்னவென்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. நறுக் நறுக் இல்லை. கால் ஒரு தடவை கூட இடறவில்லை.

டார்ச்சைத் தட்டினார்.

சாலை நடுவில் ஒரு கல் கிடையாது. வெறும் மண், துடைத்து விட்டாற்போல. ஜல்லி எல்லாம் இரண்டு பக்கமும் சுவரோரமாக ஒதுங்கியிருந்தது. குவியலாக இல்லை. ஒவ்வொரு கல்லாக, ஒன்றையடுத்து ஒன்று, சட்டையில் பித்தான் வைத்தது போல வரிசையாக.

வெளிச்சத்தைத் தரையில் விட்டுக்கொண்டே மெதுவாக நடந்தார். வீட்டிலிருந்து வருகிற அந்தச் சுத்தமான வழி போய்க்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் வந்து நின்றது. அதற்கு அப்பால் பழையபடி கல், கால் வைக்க இடமில்லாமல்.

அன்றைக்கு ஆட்டோ நின்ற இடம் வரைக்கும்தான்.